உலோகம் வெட்டும் கருவியும் வெப்பமும்

உலோகத்தை உலோகத்தால் வெட்டுமிடத்து வெப்பம் பிறப்பது தவிர்க்கவியலாதது. மியூனிக் நகரின் படைக்கலச் சாலையில் றம்போட் பிரபு, மழுங்கிய துளைகருவியொன்றோடு உராயுமாறு பீரங்கி உலோகத்தை நீருக்குள் குதிரைகளைக் கொண்டு சுழலச் செய்தார். இரண்டரை மணித்தியாலத்தில் நெருப்பின்றியே நீர் கொதித்தது. வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்னும் கருத்துக்கு 1798ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வுரை வலுவூட்டியது.

பட்டறைத் தொழிலாளிக்கோ அவ்வெப்பம் கருவியின் ஆயுள் பற்றிய பிரச்சினையாகும். காபன் உருக்காலான வெட்டலகு ஏறத்தாழ 200 பாகை செல்சியசைக் கடந்ததும் வன்மையை இழக்கத் தொடங்கும். மழுங்கிய அலகு மேலும் உராயும். உராய்வு மேலும் வெப்பத்தைத் தரும். எவ்வேகத்தில் கடைந்தால் அலகு தாங்கும் என்பதைத் தொழிலாளர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் நடைமுறையில் அவர்களிடமே இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பிரெட்றிக் வின்சிலோ ரெயிலர். பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையில் வேலையின் வேகங் குறித்துத் தொழிலாளருடன் முரண்பட்ட அவர், 1880ஆம் ஆண்டில் வெட்டுதல் பற்றிய பரிசோதனைகளைத் தொடங்கினார். சீவல் பிரியுமிடத்தில் நீரைத் தாரையாகப் பாய்ச்சினால் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை உயர்த்தலாம் என்பது 1883இல் புலனாயிற்று. துருப்பிடியாதிருக்கச் சலவைச் சோடா கலந்த நீர் பயன்படுத்தப்பட்டது.

வெப்பத்தை அகற்றுவது ஒரு வழி. அதனைத் தாங்கும் அலகை ஆக்குவது மற்றொரு வழி. பெத்லகேம் உருக்காலையில் ரெயிலரும் உலோகவியலாளர் மோன்செல் வைற்றும் தங்குதனும் குரோமியமும் கலந்த உருக்கை உருகுநிலையை அண்டும்வரை சூடாக்கிப் பதப்படுத்தினர். நுனி செந்நிறமாகக் காய்ந்தும் வெட்டவல்ல அவ்வலகுகள் 1900ஆம் ஆண்டுப் பரிஸ் கண்காட்சியில் பார்வையாளரை வியக்கவைத்தன.

எனினும் அலகின் சுமை குறைந்தபோது தொழிலாளியின் சுமை குறையவில்லை. வேகத்தையும் வெட்டின் ஆழத்தையும் கணிக்கும் நழுவுசட்டங்கள் உருவாக்கப்பட்டன. கைக்குரியதாயிருந்த அறிவு அலுவலகத்திற்கு இடம்பெயர்ந்தது. ரெயிலரின் முகாமை முறை புகுத்தப்பட்ட வாட்டர்ரவுண் படைக்கலச் சாலையில், 1911ஆம் ஆண்டில் நிறுத்தற் கடிகாரத்தால் வேலை அளக்கப்படுவதை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர்.

இன்றும் மின்துளைகருவியால் உருக்கைத் துளைப்போர் சுழற்சியைக் குறைத்து, எண்ணெய் இட்டு, இடையிடையே ஓய்வு கொடுத்து அலகைக் காக்கின்றனர். கருவிக்கு எவ்வளவு வெப்பம் தகும் என்பதைப் பௌதிகம் வரையறுக்கும். அதன் வேகத்தை யார் நிர்ணயிப்பது, அதனால் வரும் பயனை யார் பெறுவது என்பவற்றைச் சமூகமே வரையறுக்கின்றது.