அட்டவணையில் ஓர் இடம்: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பற்றிச் சில குறிப்புகள்

ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். சேர்வராயன் மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது, ஆனால் நம்ம ஏரி உறையப் போவதில்லை. ஹாக்கி என்றால் இங்கே மண் தரை, கொஞ்சம் வசதி இருந்தால் டர்ஃப். ஆனாலும் சில மாதங்களாக ராத்திரி ஆபீஸ் கால் எல்லாம் முடிந்தபிறகு நான் படித்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற 12 கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி வரலாறு. அந்த அமைப்புக்கு ஈ.சி.ஏ.சி. ஹாக்கி என்று பெயர். ஆண்கள் அணி 12, பெண்கள் அணி 12. இரண்டுக்கும் அதே கல்லூரிகள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு கல்லூரியில் ஒரு விளையாட்டு "இருக்கிறது" என்று எப்போது சொல்ல முடியும்? ஆட ஆள் இருந்தால் போதுமா, இல்லை வேறு ஏதாவது வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே தெளிவான பதில் இந்த வரலாற்றில்தான் கிடைத்தது.

முதலில் கான்ஃபரன்ஸ் என்ற சொல். எங்கள் தொழிலில் கான்ஃபரன்ஸ் என்றால் மீட்டிங். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அதற்கு வேறு பொருள்: வருஷா வருஷம் ஒருவரோடு ஒருவர் ஆடுவோம் என்று ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் கூட்டு. நம்ம முறை வேறு. சேலம் வட்டாரத்தில் ஒரு கல்லூரி அணி முதலில் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளோடு ஆடும். அதிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அது தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே ஜெயித்தால் அகில இந்தியப் போட்டி. இதையெல்லாம் நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925ல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டு என்று தொடங்கி, 1973ல் இப்போதைய பெயருக்கு மாறியது.

நம்ம முறையில் யாரோடு ஆடுவது என்பதை வரைபடம் தீர்மானிக்கிறது. அங்கே கல்லூரிகளே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. கிட்டத்தட்ட சம்பந்தம் பேசுவது மாதிரி. தூரம் பார்ப்பார்கள், படிப்பின் தரம் பார்ப்பார்கள், பணபலம் பார்ப்பார்கள். ஒத்து வராவிட்டால் பிரிந்தும் போவார்கள்.

அப்படிப் பிரிந்த கதையும் உண்டு. அதற்கு முன் சுருக்கமாக ஆரம்பம். கட்டடத்துக்குள் ஒழுங்குபடுத்தி ஆடப்பட்ட முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியாலில், விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்கில் நடந்தது. ஆடியவர்களில் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். ஆக, பிறக்கும்போதே கல்லூரிப் பையன்கள் கை வைத்த விளையாட்டு இது. அமெரிக்காவில் 1896லேயே யேலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் மோதியிருக்கின்றன. ஈ.சி.ஏ.சி. ஹாக்கி 1961ல் உருவானது. 1983ல், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் தனியாகப் போய்விடும் என்ற பேச்சு கிளம்பியது. அவர்கள் போவதற்கு முன்னால் பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் காலேஜ், நார்த்ஈஸ்டர்ன், பிராவிடன்ஸ், நியூ ஹாம்ஷயர் ஆகிய ஐந்தும் முந்திக்கொண்டு வெளியேறி ஹாக்கி ஈஸ்ட் என்று புதுக் கூட்டு தொடங்கிவிட்டன. போவதாகச் சொன்ன ஐவிக்காரர்கள் கடைசியில் போகவே இல்லை! ஆறு ஐவி அணிகள் இன்றும் பழைய வீட்டில்தான் இருக்கின்றன. கூட இருப்பவை கிளார்க்சன், கோல்கேட், குவினிபியாக், ரென்சலர், செயின்ட் லாரன்ஸ், யூனியன்.

ஒரு புரோகிராமராக எனக்குப் பிடித்த விஷயம் இவர்களின் அட்டவணை. 12 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 11 அணிகளோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என ஆடும். மொத்தம் 22 ஆட்டம். மாணவர்கள் வார நாளில் வகுப்பை விட முடியாது. அதனால் பக்கத்து ஊர் அணிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்திருக்கிறார்கள். கிளார்க்சனும் செயின்ட் லாரன்ஸும் ஒரு ஜோடி. ரென்சலரும் யூனியனும் ஒரு ஜோடி. கோல்கேட்டும் கார்னெலும் ஒரு ஜோடி. வெளியூர் அணி வெள்ளிக்கிழமை ஓர் ஊரில் ஆடும், சனிக்கிழமை அடுத்த ஊரில் ஆடும், ஞாயிறு வீடு திரும்பும். ஒரே பயணம், இரண்டு ஆட்டம். எளிமையான யோசனை, ஆனால் அட்டவணை உறுதியாக இருந்தால்தான் பஸ், ஓட்டல், ரிங்க் நேரம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் உறுதியாகும்.

இனி பெண்கள் விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதுதான்.

பெண்கள் ஆடாமல் இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியான பெம்புரோக்கில் 1964லேயே ஓர் அணி இருந்தது. 1972ல் டைட்டில் 9 சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்தாலும் ரிங்க் கதவு தானாகத் திறக்கவில்லை.

கோல்கேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். (ஆமாம், அந்தப் பற்பசைக் குடும்பத்தின் பெயர்தான்; 1890ல் வைத்தது.) அங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி வெறும் கிளப்பாகத்தான் இருந்தது. பல்கலைக்கழக அணி என்ற தகுதி கேட்டு 1979, 1983, 1986, 1988 என்று நான்கு முறை விண்ணப்பித்தார்கள். நான்கு முறையும் இல்லை என்றே பதில். 1990ல் மாணவிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கின் பெயர் குக் எதிர் கோல்கேட் பல்கலைக்கழகம்.

நிர்வாகம் சொன்ன காரணங்களைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர்க் குரலே கேட்டது. பள்ளிகளில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அதிகம் ஆடுவதில்லை. மிகச் சில கல்லூரிகளில்தான் அணி இருக்கிறது. தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. ஆர்வம் போதாது, திறமை போதாது. செலவு அதிகம்.

இதை ஒரு வட்டமாக வரைந்து பாருங்கள். போட்டி இல்லை, அதனால் அணி வேண்டாம். அணி இல்லை, அதனால் போட்டி நடத்த முடியாது. எங்கள் பாஷையில் இதற்கு டெட்லாக் என்று பெயர். இரண்டு பேரும் மற்றவர் நகரட்டும் என்று நிற்பார்கள். வெளியிலிருந்து யாராவது ஒரு முடிச்சை அவிழ்க்காமல் அது நகராது.

1992ல் மாவட்ட நீதிமன்றம் மாணவிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காரணங்கள் எடுபடவில்லை. ஆனால் 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஏன் தெரியுமா? மாணவிகளின் வாதம் தப்பு என்று அல்ல. உத்தரவு நடைமுறைக்கு வருவதற்குள் வழக்குப் போட்டவர்கள் படிப்பை முடித்துவிடுவார்கள், ஆகவே வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று! கல்லூரி வாழ்க்கை நான்கு வருஷம், நீதிமன்றத்தின் நிதானம் நமக்குத் தெரிந்ததே. அதனால் அடுத்து வந்த மாணவிகள் தங்களுக்காக மட்டும் இல்லாமல், இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். 1997ல் சமரசம் ஏற்பட்டு, பெண்கள் அணிக்குப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது.

நான்கு வருஷம் கழித்து, 2001ல், "இல்லவே இல்லை" என்று சொல்லப்பட்ட தேசியச் சாம்பியன்ஷிப்பும் வந்தது. என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஆண்களுக்கு அதை 1948லேயே தொடங்கியிருந்தது. இடைவெளி 53 வருஷம். 2018ல் பெண்கள் இறுதி ஆட்டம் மினியாபொலிஸில் நடந்தது. கிளார்க்சனும் கோல்கேட்டும் மோதின, இரண்டுமே ஈ.சி.ஏ.சி. அணிகள். கூடுதல் நேரத்தில் கிளார்க்சன் 2-1 என்று ஜெயித்தது. கோல்கேட் தோற்றாலும், ஆர்வமில்லை, திறமையில்லை என்று கைகழுவப்பட்ட அணி நாட்டின் கடைசி இரண்டு அணிகளில் ஒன்றாக நின்றது.

இந்தியாவிலும் இதே பாடம் உண்டு. சிம்லாவில் 1920லிருந்து ஸ்கேட்டிங் ரிங்க் இருக்கிறது. ஆனால் இன்று ஐஸ் ஹாக்கியின் தாய்வீடு என்றால் லடாக்தான். குளிர்காலத்தில் குளம் உறையும் சில வாரங்கள்தான் அங்கே ஆட்ட காலம். நம்ம தேசியப் பெண்கள் அணி முதல்முதலில் சர்வதேசப் போட்டியில் ஆடியது 2016ல், தைவானில். அடுத்த வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றி. 2025ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். முதல் ஆட்டத்திலிருந்து பதக்கத்துக்கு ஒன்பதே வருஷம். யாரோ ஒருவர் தேதி குறித்து, "வாங்க, ஆடுங்க" என்று கூப்பிட்டதால் நடந்தது இது.

நம்ம கல்லூரிகளில் பெண்கள் கால்பந்து, பெண்கள் கிரிக்கெட் என்று பேச்செடுத்தால் வருகிற முதல் பதில், "பொண்ணுங்க வர மாட்டாங்க சார்" என்பதுதான். அடுத்த முறை அப்படி யாராவது சொன்னால், ஆட்டம் எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரோடு என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், வராத பெண்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.