கிதாரின் விளிம்பு கூறும் கதை

கிதார் ஒன்றை அருகில் வைத்து உற்று நோக்குங்கள். மேற்பலகையும் பக்கப் பலகையும் கூடும் ஓரத்தில், ஒரு மெல்லிய பட்டை உடலைச் சுற்றி ஓடுவது தெரியும். அழகுக்காக ஒட்டியது என்றே பலரும் எண்ணுவர். அழகும் உண்டு, ஆனால் அதன் முதல் வேலை காவல்.

வைக்கோல் கட்டை நறுக்கினால் வெட்டுவாயில் துளைகள் தெரிகின்றன அல்லவா? மரமும் அத்தகைய நுண்குழாய்களின் கட்டே. குறுக்கே வெட்டிய முனையில் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும். காற்றின் ஈரம் அவ்வழியே விரைவாக நுழையும். கிதாரின் மேற்பலகையோ சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனமே உடையது. ஈரம் ஏறி இறங்கினால் அது வெடிக்கக்கூடும். விளிம்புப் பட்டை அந்த வாய்களை மூடுகிறது. இடிபடும்போது அடியையும் தானே ஏற்றுக்கொள்கிறது.

மரமும் வச்சிரமும்

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் புகழ்பெற்றிருந்த வோபோம் குடும்பத்தினர், கருங்காலியையும் தந்தத்தையும் மாற்றி மாற்றிப் பதித்துக் கிதாரின் ஓரங்களை அமைத்தனர். இன்றைய கிதாருக்கு வடிவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி டோரஸ் (1817-1892). அவர் வழிவந்த கைவினைஞர்கள் மரப்பட்டையையே பெரிதும் விரும்பினர்.

மரப்பட்டை வளைவது எப்படி? அதை நனைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல அழுத்துவர். மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். வளைவு நிலைத்துவிடும். பின்னர் உடலின் ஓரத்தில் பட்டையின் அளவுக்குப் பள்ளம் வெட்டி, வச்சிரம் தடவி ஒட்டுவர். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இப்பசையைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் பயன்படுத்தவேண்டும். ஆறத் தொடங்கினால் ஓரிரு நிமிடங்களில் கூழாக உறைந்துவிடும். எனவே சிறிது சிறிதாக ஒட்டி, உடனுக்குடன் கயிற்றைச் சுற்றி இறுக்குவர்.

இங்கே ஒரு சிக்கல். புடைத்த பகுதிகளில் கயிறு பட்டையை நன்றாக அழுத்தும். ஆனால் உள்வாங்கிய இடுப்புப் பகுதியில், அது வில்லின் நாண்போல் நேராக நின்றுவிடும்; பட்டையைத் தொடவே தொடாது. ஆகவே கயிற்றுக்கும் பட்டைக்கும் இடையே மரக்கட்டைகளைச் செருகுவர். கிதாரின் இடுப்பே ஒட்டுபவரின் சோதனைக் களம்.

கற்பூரம் செய்த வேலை

தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் ஹயட், நைட்ரோ செல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செல்லுலாய்டு செய்து 1870-இல் காப்புரிமை பெற்றார். 1833-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மார்ட்டின் என்ற கைவினைஞர் தொடங்கிய நிறுவனம், தன் உயர்தரக் கிதார்களில் தந்தப் பட்டை பதித்துவந்தது. 1918-ஐ ஒட்டி அதுவும் செல்லுலாய்டுக்கு மாறியது. யானைகளுக்கு இது நன்மையே. கிதாருக்கு?

திறந்து வைத்த கற்பூரம் கரைந்து மறைவதை நம் வீடுகளில் பார்க்கிறோம். செல்லுலாய்டில் உள்ள கற்பூரமும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே ஆவியாகிறது. பட்டை சுருங்கி நீளம் குறைகிறது. நீளம் குறைந்த பட்டை, இடுப்பில் கயிறு செய்ததையே செய்கிறது: வளைவை விட்டு நேராக நிமிர்ந்து, ஒட்டிலிருந்து பெயர்ந்துவிடுகிறது. பழைய கிதார்கள் பலவற்றில் இதைக் காணலாம். இப்பொருள் எளிதில் தீப்பற்றுவது வேறு.

மரத்தின் நிலை என்ன? உலரும்போது மரம் நார்களுக்குக் குறுக்கே நூற்றுக்குச் சில பங்கு சுருங்கும். நார்களின் நீளவாக்கிலோ பெரும்பாலான மரங்கள் ஆயிரத்துக்கு ஓரிரு பங்கே சுருங்கும். விளிம்புப் பட்டையில் நார்கள் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. அதனால் அது இடுப்பை விட்டு எளிதில் விலகுவதில்லை.

இன்று பலர் வெண்பசையால் ஒட்டுகின்றனர். உறைய நேரம் எடுப்பதால் அது வேலைக்கு எளிது. எனினும் வச்சிரத்தைக் கைவிடாதவரும் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். பட்டை சிதைந்தால் அதை மட்டும் கழற்றி, புதியதைப் பொருத்தலாம். விலைமதிப்பற்ற மேற்பலகைக்கு ஊறு நேராது.

ஒட்டுவது மட்டும் கலையன்று. நூறு ஆண்டு கழித்து, முகம் அறியாத ஒருவர் அதைப் பழுதுபார்க்க வழி வைப்பதும் கலையே.