மொச்சைக்கு எருவா, உப்பா?

எங்க அப்பிச்சிக்கு கிணத்துக்கடவுல இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தோட்டம். மானாவாரிக் காட்டுல சோளத்தோட மொச்சையும் விதைப்பாங்க. "உப்பு போட்ட மொச்சை வேகும், ருசிக்காது சாமி" என்பார் அப்பிச்சி. மாமாவுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். "எருவுக்கு எங்க போறது? மாட்டைத்தான் வித்தாச்சே" என்பார். ரசாயன உரத்தைத்தான் எங்க பக்கம் உப்புன்னு சொல்றதுங்க.

இது எங்க வீட்டுச் சண்டைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். பாத்தா, நூறு வருஷம் முந்தியே நம்ம ஊர்ல இதைச் சோதிச்சிருக்காங்க!

சைதாப்பேட்டையில இருந்த வேளாண் கல்லூரி 1906-ல் கோவைக்கு வந்தது. 1909-ல் அங்கே நிரந்தர உரச் சோதனை ஒண்ணு தொடங்கினாங்க. ஒரு பாத்திக்கு வருஷாவருஷம் மாட்டெரு மட்டும், வேறு பாத்திகளுக்கு ரசாயன உரம், ஒண்ணுக்கு எதுவுமே கிடையாது. அந்தக் கல்லூரியில வேதியியலாளரா இருந்தவர் பி. விஸ்வநாத். மேலே குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செஞ்சுகிட்டிருந்த டாக்டர் ராபர்ட் மெக்காரிசனும் அவரும் சேர்ந்தாங்க. வெவ்வேறு உரத்துல விளைஞ்ச சிறுதானியத்தையும் கோதுமையையும் பிராணிகளுக்குத் தீனியாக் கொடுத்துப் பாத்தாங்க. 1926-ல் வந்த கட்டுரையில் எருவில் விளைஞ்சதுதான் சத்து அதிகம்னு எழுதினாங்க. (மெக்காரிசனோட ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத் போயிடுச்சு. இன்னைக்கு அதுதான் தேசிய சத்துணவு நிறுவனம்.)

அப்பிச்சி ஜெயிச்சார்னு துள்ளாதீங்க. பின்னாடி இங்கிலாந்துல தானியத்துல சோதிச்சப்ப அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியலை.

எருவுல அப்படி என்னதான் இருக்கு? தழை, மணி, சாம்பல் சத்து போக, செடியைத் தூண்டி விடற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அந்தக் காலத்துல ஒரு எண்ணம். லண்டன் பேராசிரியர் பாட்டம்லி அதுக்கு 'ஆக்ஸிமோன்' என்று பேர் வெச்சார். பேர் நிக்கலை. ஆனா 1920-களில் ஹாலந்துல வெண்ட் என்பவர் ஓட்ஸ் முளையில் நிஜமாவே ஒரு வளர்ச்சி ஊக்கியைக் கண்டார். அதுதான் ஆக்ஸின். 1934-ல் கோகல் குழுவினர் அந்த வகைப் பொருளைப் பிரிச்செடுத்தது எதுல இருந்து தெரியுமா? மனுஷ மூத்திரத்துல இருந்து :-) கோமியம் ஊத்தின நம்ம பாட்டன்மார் சிரிச்சிருப்பாங்க.

பயறு வகைக்கு இன்னொரு சங்கதி இருக்கு. வேர் முடிச்சுல இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா காத்துல இருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். யூரியாவை அள்ளிக் கொட்டினா முடிச்சு குறையும், கொடி தழதழன்னு ஓடும், காய் இருக்காது. நானே ஒரு தடவை செஞ்சேன். அந்த வருஷம் மொச்சை இல்லை, மாட்டுக்குத் தழை மட்டும் கிடைச்சுது. அதுவும் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு!

இப்போ கோவை பல்கலைக்கழகத்துல பூ உதிராம இருக்க 'பயறு ஒண்டர்' கொடுக்கறாங்க. சத்தும் ஊக்கியும் கலந்தது. ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கிற சமயம் தெளிக்கணும். ஊக்கி சாப்பாடு இல்லைங்க. மண்ணுல இல்லாத துத்தநாகத்தை அது கொண்டாந்து வைக்காது, பூவைக் காயாக்கும், அவ்வளவுதான்.

போன தை மாசம் அம்மா எருக்காட்டு மொச்சையையும் உப்புக்காட்டு மொச்சையையும் தனித்தனியா வேக வெச்சு ரெண்டு கிண்ணத்துல கொண்டாந்தாங்க. அப்பிச்சி ரெண்டையும் மென்னு பாத்துட்டு, "இதுதான் எரு"ன்னு ஒண்ணைத் தொட்டார். அது மாமா காட்டு மொச்சை. மாமா வாயைத் திறந்தார், அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, மூடிகிட்டார்.