பாஸ்டன் பட்டமளிப்பு விழாவும் பெல்காம் பெண்ணும்



லயோலா கல்லூரிக்கு நூறு வயது ஆனதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அதைப் படித்த திருவொற்றியூர் நண்பர் ஒருவர், "இயேசு சபையார் நடத்தும் கல்லூரிகளில் சர்ச்சை எதுவும் வந்ததே இல்லையா சார்?" என்று கேட்டார். வந்திருக்கிறது. அதில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஆனால் அதன் ஆரம்பம் நம் நாட்டுப் பெண் ஒருவரின் சாவு. கொஞ்சம் கசப்பான விஷயம்தான். வயதானவர்கள் நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்று எழுதுகிறேன்.

கர்நாடகத்தின் பெல்காம் ஊரைச் சேர்ந்தவர் சவிதா ஹலப்பனவர். பல் மருத்துவர். கணவரோடு அயர்லாந்து நாட்டில் கால்வே என்ற நகரத்தில் வாழ்ந்து வந்தார். வயது 31. முதல் கர்ப்பம், 17 வாரம். 2012 அக்டோபர் 21-ம் தேதி முதுகுவலி என்று அங்குள்ள மருத்துவமனைக்குப் போனார். கரு தங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பனிக்குடமும் உடைந்துவிட்டது. "எப்படியும் பிழைக்காது என்கிறீர்களே, அப்படியானால் எடுத்துவிடுங்கள்" என்று அவரும் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயத் துடிப்பு இருக்கும் வரை சட்டப்படி முடியாது என்று பதில் வந்தது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு செவிலியர் சொன்ன வார்த்தை பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. தான் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று அவரே மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். 24-ம் தேதி கரு தானாகவே கலைந்தது. அதற்குள் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. 28-ம் தேதி சவிதா இறந்துபோனார்.

நவம்பரில் செய்தி வெளியானதும் அயர்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தார்கள். டெல்லியில் அயர்லாந்துத் தூதரை நம் வெளியுறவு அமைச்சகம் கூப்பிட்டு வருத்தத்தைத் தெரிவித்தது.

இங்கே கொஞ்சம் சட்டக் கதை சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் பைல்களோடு வாழ்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. அயர்லாந்தில் அன்றைக்கு இருந்தது 1861-ம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டம். நமக்கு இருந்தது 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம். எஜமான் ஒருவர்தான், ஒரு வருஷம்தான் வித்தியாசம். ஆனால் நம் சட்டத்தின் 312-வது பிரிவில், தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை என்ற விலக்கு எழுத்திலேயே இருந்தது. அயர்லாந்தின் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதோடு 1983-ல் அவர்கள் பொதுவாக்கெடுப்பு நடத்தி, தாயின் உயிருக்கும் வயிற்றில் உள்ள சிசுவின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிக்கொண்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் செய்யலாம் என்று 1992-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு ஆபத்து, அதை யார் முடிவு செய்வது என்று விளக்கும் சட்டத்தை இருபது வருஷம் எந்த அரசும் கொண்டுவரவில்லை. யாருக்கும் அதில் கை வைக்கத் துணிவில்லை. அந்த இருபது வருஷத் தயக்கம்தான் கால்வே மருத்துவமனையில் சவிதாவின் கட்டில் அருகே வந்து நின்றது என்பது என் எண்ணம்.

சவிதா இறந்த பிறகு பிரதமர் எண்டா கென்னி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவரும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்தான். தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும் அனுமதி, தற்கொலை ஆபத்தும் அதில் சேரும். அவ்வளவுதான் மசோதா. அயர்லாந்து ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டன் கல்லூரியின் பட்டமளிப்பு விழா வந்தது. பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது பெரிய பல்கலைக்கழகம். பஞ்சத்தில் அடிபட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக இயேசு சபையார் 1863-ல் தொடங்கியது. அயர்லாந்துப் பிரதமரை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பது அவர்களுக்குப் பிள்ளை வீட்டுக்கு மாமனை அழைப்பது மாதிரி.

அப்போது பாஸ்டன் பேராயராக இருந்தவர் கர்தினால் ஷான் ஓமாலி. அவரும் ஐரிஷ் வம்சம்தான். வழக்கமாக விழாவில் கடைசி ஆசீர்வாதம் கொடுத்து வந்தவர் அவரே. விழாவுக்குப் பத்து நாள் முன்னால், தாம் வரப்போவதில்லை என்று அறிக்கை விட்டார். கருக்கலைப்புக்கு வழி செய்யும் அரசியல்வாதிகளைக் கத்தோலிக்க நிறுவனங்கள் கௌரவிக்கக் கூடாது என்று ஆயர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பல்கலைக்கழகம் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை, பிரதமரும் மறுக்கவில்லை, ஆகவே நான் வர இயலாது என்பது சாரம். அயர்லாந்தோடு உள்ள நீண்ட உறவுக்காகத்தான் அழைத்தோம் என்றது பல்கலைக்கழகம். 2013 மே 20 அன்று கென்னி வந்தார், பட்டம் வாங்கினார், பேசினார். கருக்கலைப்பைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. கர்தினால் வரவில்லை.

கர்தினால் சொன்ன விதி 2004-ல் அமெரிக்க ஆயர்கள் எழுதியது. அது முதலில் பெரிய தீயாகப் பற்றியது 2009-ல், நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தில். அமெரிக்கர்கள் அதை 'நோட்டர் டேம்' என்று உச்சரிப்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது காதில் நாராசமாக விழும். 'நம் மாதா' என்று பொருள். 1842-ல் பிரெஞ்சுக்காரரான சொரேன் என்ற பாதிரியார் நிறுவியது. அங்கே ஜனாதிபதி ஒபாமாவை அழைத்து கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். அவர் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். மறைமாவட்ட ஆயர் விழாவுக்கு வரவில்லை. அதே மேடையில் லெத்தாரே பதக்கம் வாங்க வேண்டிய ஹார்வர்டு சட்டப் பேராசிரியை மேரி ஆன் கிளெண்டன், வாட்டிகனுக்கு அமெரிக்கத் தூதராக இருந்தவர், எனக்குப் பதக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வளாகத்தில் நுழைந்து போராடியவர்கள் கைதானார்கள். அதில் ஒருவர் நோர்மா மெக்கார்வி. 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அனுமதித்த வழக்கில் 'ரோ' என்ற புனைபெயரில் மனு போட்ட பெண் இவரேதான். பின்னால் மனம் மாறிக் கத்தோலிக்கரானவர். ஒபாமா அந்த மேடையிலேயே கருத்து வேறுபாட்டை ஒளிக்காமல் பேசினார். எதிர்த் தரப்பைப் பேயாகச் சித்திரிக்காமல் பேசுவோம் என்பது அவருடைய வேண்டுகோள்.

இனி நம் பக்கம். பிரான்சில் சிமோன் வெய் என்ற பெண் அமைச்சர் பெரும் வசவுகளுக்கு நடுவே கொண்டுவந்த கருக்கலைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது 1975 ஜனவரியில். நம் நாட்டில் சட்டம் 1971-லேயே வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் அமலானது. பிரான்சுக்கு நாம் முன்னோடி என்று பிரெஞ்சு படித்த என் கூட்டாளிகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். இங்கே பெண்ணின் உரிமை என்று யாரும் பெரிதாகப் பேசி அது வரவில்லை. கள்ளத்தனமாகக் கலைத்துச் சாகிறவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம், ஜனத்தொகைக் கவலை இன்னொரு காரணம். நான் 1974-ல் சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மாதாந்திர அறிக்கையில் கு.க. என்று ஒரு கலம், எம்.டி.பி. என்று ஒரு கலம். கலத்தில் எண் இருக்கும், பெண்ணின் பெயர் இருக்காது. பிறகு ஸ்கேன் வந்தது. பெண் சிசு என்றால் கலைப்பது பெருகியது. அதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. சபையின் பயத்தில் நியாயமே இல்லை என்று இந்தியன் ஒருவன் சொல்ல முடியாது.

ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அறுபதுகளில் எங்கள் காரைக்கால் தெருவில் நாலு பிள்ளை பெற்ற ஒரு அக்கா இருந்தாள். ஐந்தாவது தங்கியது. யாரோ ஒரு கிழவி எருக்கங்குச்சி வைத்தாள். மூன்று நாள் ஜுரம், குளிர், பிதற்றல். விஷக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். கடைக்குட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தது. சவிதாவைப் பற்றிப் பேப்பரில் படித்தபோது 'ரத்தத்தில் கிருமி' என்ற வார்த்தை எனக்குப் புதிதாக இல்லை.

என் வீட்டுக்காரி ராயபுரம் புனித ராயப்பர் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். மணலி புதுநகருக்கு வந்தும் திருநாளுக்கு அங்கேதான் போவாள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கர்தினால் என்னங்க தப்பு பண்ணார்? யாரையும் திட்டலை, மறிக்கலை. மனசாட்சிக்கு ஒப்பலை, போகலை. நீங்களும் பிடிக்காத கல்யாணத்துக்குப் போகாம இருந்ததில்லையா?" என்றாள். நியாயமான பேச்சு. சவிதா விஷயத்திலும் அவளுக்கு ஒரு பதில் இருக்கிறது: தாயைக் காப்பாற்றச் செய்யும் வைத்தியத்தில் கரு போனால் அது பாவம் என்று சபை சொல்வதில்லை, அது அந்த டாக்டர்களின் கவனக்குறைவு என்கிறாள். மரண விசாரணையிலும் அதற்குப் பாதி ஆதாரம் உண்டு. கிருமி பரவியதைக் காலத்தில் கண்டுபிடிக்கவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வெளிவந்தது.

மீதிப் பாதிதான் எனக்கும் அவளுக்கும் தகராறு. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் ஜெயிலைப் பார்க்கிறார். 'இன்னும் கொஞ்சம் பொறுப்போம்' என்கிறார். ஆபீசில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விதி தெளிவில்லை என்றால் பைல் நகராது. பைல் நகராவிட்டால் யாரோ ஒருவருக்குப் பென்ஷன் தாமதமாகும். அங்கே போனது ஓர் உயிர்.

பட்டம் கொடுப்பதில் நம் நாடு வேறு மாதிரி நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். 1979-ல் நோபல் பரிசு வாங்கிய மேடையில், உலக அமைதியைக் கெடுக்கும் பெரிய சக்தி கருக்கலைப்புதான் என்று அன்னை தெரசா பேசினார். அப்போது நம் சட்டத்துக்கு வயது ஏழு. அடுத்த வருஷமே அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தோம். சட்டத்தையும் வைத்துக்கொண்டோம், அதை எதிர்த்தவரையும் கும்பிட்டோம். பிரான்சும் 2018-ல் சிமோன் வெய்யின் உடலைப் பாந்தியோன் நினைவாலயத்தில் அடக்கம் செய்து மரியாதை செய்தது.

கென்னியின் மசோதா 2013 ஜூலையில் சட்டமானது. அதோடு நிற்கவில்லை. 2018 மே 25 அன்று அயர்லாந்து மறுபடியும் வாக்களித்து, 1983-ல் எழுதிய அந்தப் பிரிவையே நீக்கியது. 1983-ல் வேண்டும் என்றவர்கள் சுமார் 67 சதவீதம், 2018-ல் வேண்டாம் என்றவர்கள் சுமார் 66 சதவீதம். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாடு அப்படியே திரும்பி நின்றது. டப்ளின் நகரத்துச் சுவர் ஒன்றில் சவிதாவின் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். வாக்களித்துவிட்டு வந்தவர்கள் அதில் சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி ஒட்டினார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதியவை அதில் நிறைய.

இதைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்த என் மனைவி, "நான் சொன்னதை விடாம போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறேன். உங்களில் அவள் கட்சிக்காரர்கள் இருந்தால் தாராளமாக எழுதுங்கள், அவளுக்கே வாசித்துக் காட்டுகிறேன்.

அடுத்த பதிவில் பழைய எண்ணூர் உப்பளங்களைப் பற்றி.