எழுதாக் கிளவியும் எழுதிய மறையும்: வன்னிக் கத்தோலிக்கர் வரலாற்றை அடியாகக் கொண்ட ஒரு நோக்கு

நூலை முதலாகக் கொண்டு சமயம் தோன்றியதா, அன்றிச் சமய வாழ்வை முதலாகக் கொண்டு நூல் தோன்றியதா என்னும் வினா கிறித்தவத்துக்கு மாத்திரம் உரியதன்று. வேதத்தை எழுதாக் கிளவி என வழங்கியது நமது மரபு. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட பொருள், ஆசிரிய மாணாக்க வழியாகப் பத்துத் தலைமுறை கைமாறி வந்ததென அவ்வுரை நூலே கூறுகின்றது. மூவர் பாடல்கள் நம்பியாண்டார் நம்பியின் பெயரோடு இணைந்த தொகுப்பு முயற்சிக்கு முன்னரே கோயில்களில் ஓதப்பட்டன. பழந்தமிழ் வீரப் பாடல்களின் ஆக்கத்தை வாய்மொழி இலக்கிய நெறி கொண்டு விளக்க முயன்ற பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தபின், ஏட்டுக்கு முந்திய நாவின் ஆட்சியைத் தமிழியல் மாணவர் புறக்கணித்தல் இயலாதாயிற்று. எனவே, விவிலியம் திருச்சபையின் மரபினின்றே பிறந்தது எனக் கத்தோலிக்கர் கூறுமிடத்து, அக்கூற்றை இறையியலாளரின் தனிச்சொத்தாக ஒதுக்கிவிடாது, சமூக வரலாற்றின் அடிப்படையிலும் நாம் ஆராய்தல் தகும்.

இவ்வாய்வுக்கு வன்னிப் பெருநிலம் பொருத்தமானதொரு களமாகும். கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் மாங்குளம் ஒரு முக்கிய சந்தி. அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கு ஒரு வீதியும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பகுதியினூடாக வெள்ளாங்குளத்துக்கு ஒரு வீதியும் செல்கின்றன. வெள்ளாங்குளத்தை அடைபவர் மன்னார்க் கரையோரத்தை அடைந்தவராவர். தென்மேற்கே காட்டின் நடுவே மருதமடு அமைந்துள்ளது. யாழ்ப்பாணம், மாதோட்டம், முல்லைத்தீவு ஆகிய மூன்று புலங்களின் மனிதரும் வந்து கலக்கும் இந்நிலத்திற் கத்தோலிக்கம், நூலினாலன்றி மனிதரின் நினைவினாலேயே நெடுங்காலம் நிலைபெற்றது என்பதே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்து.

முதலிற் கோட்பாட்டை நோக்குவோம். புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையது எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வது, பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதலாம் திருமுகம். அதன் காலம் ஏறத்தாழக் கி. பி. 50. மாற்கு நற்செய்தியின் காலம் கி. பி. 70ஐ ஒட்டியதென்பர். அதாவது, இயேசுவின் மரணத்தின் பின் இருபது ஆண்டுக்காலமேனும் கிறித்தவர் தமக்கென எழுதிய மறைநூல் எதுவுமின்றியே கிறித்தவராக வாழ்ந்தனர். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றனர், அப்பம் பிட்டனர், கேட்டதைப் பிறர்க்குச் சொல்லினர். நூல்கள் எழுந்த பின்னரும் எவை மறைநூல்கள் என்னும் முடிவு உடனே ஏற்பட்டுவிடவில்லை. இன்று வழங்கும் 27 நூல்களையும் வேறெதையும் சேர்க்காது குறிப்பிடும் பட்டியலாக நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் கி. பி. 367இல் எழுதிய உயிர்ப்புவிழாத் திருமுகத்தில் உள்ளது. வட ஆபிரிக்காவின் இப்போ, கார்த்தேச் சங்கங்கள் முறையே 393இலும் 397இலும் இவ்விடயத்தை ஆராய்ந்தன. இந்நூல் வேதம், அந்நூல் வேதமன்று என வரையறுக்கும் பட்டியல் எந்த மறைநூலிலும் இல்லை. வழிபாட்டில் எதனை வாசித்தோம், எதனை முன்னோர் நமக்குக் கையளித்தனர் என்பதே அளவுகோலாக நின்றது. மரபு என்பதன் முதற்பொருள் இதுவேயாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வுறவு சிக்கலாயிற்று. மறைநூல் ஒன்றே போதும் எனச் சீர்திருத்தவாதிகள் முழங்கியபோது, திரெந்துச் சங்கம் 1546 ஏப்பிரல் 8ஆந் திகதி அளித்த விடையில், எழுதிய நூல்களையும் எழுதப்படாத அப்போஸ்தல மரபுகளையும் ஒத்த பத்தியோடு ஏற்பதாக அறிவித்தது. அதன் முன்வரைவில் உண்மை ஒரு பகுதி நூலிலும் ஒரு பகுதி மரபிலும் உள்ளது எனக் காணப்பட்ட வாசகம், இறுதி வடிவில் இரண்டையும் வெறும் 'உம்' என இணைப்பதாக மாற்றப்பட்டது. எனினும், பின்வந்த நூற்றாண்டுகளின் விவாதச் சூழலில் மரபு என்பது நூலில் இல்லாதவற்றைச் சேமித்த இன்னொரு பெட்டகம் என்பதுபோன்ற எண்ணமே வலுப்பெற்றது. அத்தோடு, தாய்மொழியில் விவிலியத்தைப் பொதுமக்கள் வாசிப்பதற்குக் கட்டுப்பாடுகளும் எழுந்தன. மரபைப் போற்றுதல் என்பது நூலை மக்களிடமிருந்து மறைத்தற்கும் ஒரு நியாயமாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இவ்விரு பெட்டகக் கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. வெளிப்பாட்டின் ஊற்றுகள் எனப் பன்மையிற் பெயர்பெற்ற வரைவு 1962 நவம்பரில் முன்வைக்கப்பட்டபோது, 1,368 பேர் விவாதத்தை நிறுத்துமாறு வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சிறிது குறைந்ததாயினும், பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தலையிட்டு அவ்வரைவைத் திருத்தத்துக்கு அனுப்பினார். மூன்றாண்டுகளின் பின், 1965 நவம்பர் 18இல் 2,344 வாக்குகளால் நிறைவேறிய இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மரபும் மறைநூலும் ஒரே ஊற்றிலிருந்து பெருகி ஒரே இலக்கை நோக்கிச் செல்வன என்றது. எதிர்த்தோர் அறுவரே. அத்திரட்டில் இரண்டு கருத்துக்கள் நமது ஆய்வுக்கு இன்றியமையாதன. ஒன்று, விசுவாசிகள் தாம் கேட்டவற்றை உள்ளத்திலிருத்திச் சிந்திப்பதனாலும் மரபு பற்றிய விளக்கம் வளர்கின்றது என்பது. மற்றையது, அதிகாரபூர்வமாக விளக்கும் பணி திருச்சபையின் போதகாதிகாரத்துக்கே உரியது. ஆயினும் அது இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணியாற்றுவதே என்பது. மக்களின் நினைவுக்கும் ஆயரின் அதிகாரத்துக்குமிடையே உள்ள இழுபறி இவ்விரு கூற்றுக்களிலும் உறைந்து கிடக்கின்றது.

இனி நமது களத்துக்கு வருவோம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 1670இல் மருதமடுக் காட்டினுட் புகுந்தன என்பது மடுத் திருத்தலத்தின் மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காட்டுக்குப் பெயர்ந்தோரும் அவர்களோடு இணைந்தனர் என்பர். குருவின்றி, பூசையின்றி, அச்சிட்ட நூலின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இச்சமயம் இங்கு உயிர்வாழ்ந்தது. செபங்களை மனனம் செய்த மூப்பரும், குழந்தைக்கு நீர் வார்த்துப் பெயரிட்ட பெரியோரும், செபமாலையைக் கைவிடாத தாய்மாருமே அக்காலத் திருச்சபையாவர். முதல் நூற்றாண்டின் கிறித்தவரைப் போலவே அவர்களும் கையளித்தலினால் வாழ்ந்தனர்.

மறுபுறம் நோக்கின் வரலாற்றின் நகைமுரண் ஒன்று புலனாகும். மறைநூல் ஒன்றே என்னும் கொள்கையுடைய ஒல்லாந்த ஆட்சியினரின் பள்ளிகளிலும், குடிமக்கள் பெற்றவை பெரும்பாலும் மனனம் செய்யவேண்டிய வினாவிடையும் கட்டளைகளுமே. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்டேயஸ் பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டிலேயே மத்தேயு நற்செய்தியைத் தமிழாக்க முயன்றாரெனினும், பிலிப் த மெல்லோவின் புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சேறியது 1759இலேயே. ஒல்லாந்தர் வந்து நூறாண்டு கடந்த பின்னராகும். நூலைப் போற்றியோர் நூலை மக்களுக்கு அளிக்க ஒரு நூற்றாண்டு சென்றது. ஆங்கிலேயர் 1806இற் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, ஒல்லாந்தச் சபையின் இடாப்பிற் பதியப்பட்டிருந்தோருட் பெருந்தொகையினர் அச்சபையில் நிலைக்கவில்லை. இடாப்பும் ஒரு வகை எழுத்தே. ஆயின் மனிதரின் மனம் அவ்வெழுத்தில் இல்லை.

1687இல் யாழ்ப்பாணம் வந்த கோவைக் குரு யோசே வாஸ் அடிகள், இரவலர் கோலத்தில் மறைந்து திரிந்து, சில்லாலையில் உறுதியான கத்தோலிக்க மக்களைக் கண்டார். அவர் 1711இற் கண்டியிற் காலமானார். அவரது வருகை ஒரு மரபைத் தோற்றுவிக்கவில்லை. இருந்த மரபுக்குக் குருத்துவத்தை மீட்டளித்தது என்பதே பொருத்தம். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அம்மரபுக்கு எழுத்தை அளித்தார். அவரது தேவ அருள்வேத புராணம் விவிலிய வரலாற்றைத் தமிழ் உரைநடையிற் கூற, வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திற் கோயில்தோறும் இராகத்தோடு வாசிக்கப்படலாயிற்று. எழுத்தறியாதவரும் பாடுகளின் வரலாற்றைச் செவிவழி அறிந்தனர். ஏட்டில் இருந்தபோதும் அது கேள்வியாகவே வாழ்ந்தது.

இவ்வாறு வாழ்ந்த மரபின் இயல்பைக் கூத்துக்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இற் பதிப்பித்த மூவிராசாக்கள் நாடகத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு நற்செய்தி கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைக் கூறுகின்றது. அவர்கள் மூவர் என்றோ, அரசர் என்றோ கூறவில்லை. காணிக்கை மூன்றாயிருந்தமையால் ஆட்களும் மூவராயினர். பிற்காலக் கற்பனை அவர்களுக்கு முடியும் சூட்டியது. அவ்வாறே, சிலுவைப்பாதையில் இயேசுவின் முகம் துடைக்கும் வெரோனிக்காளும் நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை. இவை கத்தோலிக்கர் கூறும் புனித மரபாகுமா? ஆகா. பிரெஞ்சு இறையியலாளர் ஈவ் கொங்கார் 1960களில் வகுத்துக் காட்டியவாறு, திருமரபு வேறு, மரபுகள் வேறு. முன்னையது விசுவாசத்தின் கையளிப்பு. பின்னையவை அக்கையளிப்பு ஒவ்வொரு மண்ணிலும் உடுத்த உடைகள். ஆயினும் உடையின்றி அக்கையளிப்பு எந்த ஊரிலும் நடமாடியதில்லை என்பதையும் வரலாற்று மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வேறுபாட்டுக்குச் சமூகப் பயனும் உண்டு. வடபகுதிக் கத்தோலிக்கக் கோயில்கள் சிலவற்றிற் சாதி பற்றிய ஒதுக்கல் நெடுங்காலம் நிலவியது. அதனை 'வழக்கம்' எனக் காத்தோரும் மரபின் பெயராலேயே காத்தனர். கையளிக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒன்று புனிதமாகிவிடுமாயின், ஒடுக்குமுறையும் புனிதமாகிவிடும். நூலை அளவுகோலாகக் கொண்டு மரபைச் சோதிக்கும் உரிமையின்றி மரபைப் போற்றுதல் இயலாது. சீர்திருத்தவாதிகளின் வாதத்தில் இன்றும் உயிருள்ள பகுதி இதுவே.

சோதிப்பவர் யார் என்பது அடுத்த வினா. தேவமாதா பற்றிய கோட்பாடுகள் மரபின் வழி வந்தவற்றுள் முதன்மையானவை. மாதாவின் விண்ணேற்பை 1950இற் பிரகடனம் செய்யுமுன், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1946இல் உலகின் ஆயர்களிடம் அவர்தம் மக்களின் விசுவாசம் யாதெனக் கேட்டறிந்தார். அங்கு மக்களின் உணர்வு சான்றாயிற்று. ஆயின், இலங்கைக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகள், ஒடுக்கப்பட்ட பெண்களின் பக்கம் நிற்கும் மரியாளைப் பற்றி 1990இல் எழுதிய நூலுக்காக 1997 சனவரியிற் சபைவிலக்கம் செய்யப்பட்டார். ஓராண்டின் பின், 1998 சனவரியில், அத்தண்டனை நீக்கப்பட்டது. அவரது கருத்துக்கள் அனைத்தையும் ஏற்பது நமது நோக்கமன்று. மக்கள் நினைவைச் சான்றாக ஏற்கும் அதிகாரம், மக்கள் பக்கமிருந்து எழும் கேள்வியை ஏற்பதிற் காட்டிய தயக்கமே இங்குக் கருதத்தக்கது.

மடுவின் அண்மை வரலாறு இதற்கொரு மறுமொழியாக அமைகின்றது. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது திருவுருவம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மீண்டும் மடுவை அடைந்தது. மாந்தையிலிருந்து சுமந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, அந்நிகழ்ச்சியின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. 2015 சனவரி 14இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசே வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கு வந்தமை, நினைவின் அவ்விரு இழைகளையும் ஒன்றாக்கிற்று.

மாங்குளமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 1990இலும் 2008இலும் போரின் களங்களாயின. மக்கள் பன்முறை இடம்பெயர்ந்தனர். எழுத்து நிலையானது, நினைவு நிலையற்றது என்பது பொதுவான எண்ணம். ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த நாட்டில் வாழும் நாம் அவ்வாறு எண்ணுதல் இயலாது. அதேவேளை, நினைவுடையோரையும் போர் கொண்டுசென்றது. எஞ்சிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நாவினின்று ஏட்டுக்குச் செல்லவேண்டிய தருணம், நற்செய்தியாளருக்கு வந்ததுபோலவே, கண்டவரும் கேட்டவரும் மறையத் தொடங்கும் தருணமேயாகும்.

ஆதலின், வன்னிக் கோயில்களின் தவக்கால வாசகங்கள், அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள், இடப்பெயர்வின்போது எப்பொருளை எடுத்துச் சென்றோம், எதனைக் கைவிட்டோம் என்னும் மக்களின் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்தல் நமது பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும். தொகுப்பவர் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது எனத் தீர்மானிக்க நேரும். யாருடைய குரல் வழிபாட்டில் ஒலித்தது, யாருடையது வாயிலில் நிறுத்தப்பட்டது என்பதையும் அவர் பதிதல் வேண்டும். மறைநூல் பிறந்த விதத்தைக் கற்றவர்க்கு, அப்பணியின் பொறுப்பு எத்தகையது என்பது தெளிவாயிருக்கும்.