கோலார் தங்கவயல்: தங்கம் போன பிறகு ஓர் ஊர் சொந்தக் காலில் நிற்க என்ன வேண்டும்?

பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1902இல், கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் இதே ஊரில் 1990கள் வரை உலர் கழிப்பறைகளில் மனிதர்கள் கையால் மலம் அள்ளினார்கள்.

இந்த இரண்டு தகவலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வறண்ட நிலத்தில் தற்சார்பான ஓர் ஊரை உருவாக்க என்ன வேண்டும் என்ற கேள்விக்கு, தங்கவயல் ஒரு நூற்றாண்டு அனுபவத்தோடு பதில் சொல்கிறது.

எவ்வளவு கடினமான இடம் அது?

கோலார் மாவட்டத்தில் வற்றாத நதி ஒன்றுகூட இல்லை. ஆண்டு மழை சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். காலங்காலமாக ஏரிகளை நம்பி வாழ்ந்த மண் இது.

நிலத்துக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை திடீரென வெடித்துச் சிதறும் ஆபத்தும் உண்டு. 1940களில் சுமார் 7,600 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய் இது.

இங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் தமிழ் பேசும் தலித் மக்களே அதிகம்.

அப்போ வசதிகள் எங்கிருந்து வந்தன?

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சுரங்க வேலையில் இறங்கியது. அதன் பிறகு ஓர் ஊருக்குத் தேவையான எல்லாம் வரிசையாக வந்தன.

• மின்சாரம்: காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து.
• தண்ணீர்: பாலாற்றின் பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்திலிருந்து, குழாய் வழியாக.
• போக்குவரத்து: பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை.
• வீடு, மருத்துவமனை: கம்பெனி கட்டியவை. தொழிலாளிக்கு 'லைன்' வீடு, அதிகாரிக்கு பங்களா.

இந்தப் பட்டியலில் ஒன்றை கவனித்தீர்களா? எதுவுமே ஊர் மக்கள் கையில் இல்லை. மின்சாரமும் தண்ணீரும் தொலைவிலிருந்து வந்தன, வீடு கம்பெனிக்குச் சொந்தம். எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தது தங்கம் மட்டும்தான். எந்த வசதி யாருக்கு எப்போது என்பதையும் நிர்வாகமே முடிவு செய்தது. சுரங்கத்துக்கு மின்சாரம் அவசரம் என்பதால் சீக்கிரம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பின் கழிப்பறை யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

மக்கள் தாங்களாகக் கட்டியது எது?

அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. 1914இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக வெளியிட்டது. 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கையால் மலம் அள்ளும் தொழிலாளர் குடும்பத்தில் இங்கே பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். உலர் கழிப்பறைகளுக்கு எதிரான அவருடைய போராட்டம் தங்கவயலில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

2001இல் என்ன ஆச்சு?

தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது 3 கிராம் அளவுக்குச் சுருங்கியது. வெட்டி எடுக்கும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது. அதுவரை எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

3,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மருத்துவமனை, தண்ணீர், வீடு என்று சுரங்கத்தோடு கட்டியிருந்த ஒவ்வொன்றும் தள்ளாடியது. 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஊரில் தொடர்ந்து இயங்கினாலும், அத்தனை பேருக்கும் அதில் இடமில்லை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலில் இது பாதி ஊர்தான்.

இனி என்ன தேவை?

முதலில், தண்ணீர். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்பும் கே.சி. வேலி திட்டம் 2018இல் தொடங்கியது. வறண்டு கிடந்த ஏரிகள் நிறைந்தன. ஆனால் இரண்டாம் நிலை சுத்திகரிப்பு மட்டும் போதாது என்ற எதிர்ப்பும் தொடர்கிறது. ஊரின் சொந்த ஏரிகளையும் வாய்க்கால்களையும் தூர்வாராமல் வெளித் தண்ணீரை மட்டும் நம்பினால், அது பழைய கதைதான்.

இரண்டாவது, 'சயனைடு மலை'. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு, 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வரும். மிச்சத் தங்கத்துக்காக இந்த மேடுகளை மறுபடி தோண்டும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரலாம், கூடவே தூசியும் வரும்.

மூன்றாவது, உரிமை. தலைமுறைகளாகக் குடியிருக்கும் வீடு யார் பெயரில்? புதுத் திட்டத்தில் உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை? தூசியை யார் அளப்பார்கள், அந்த அளவு மக்களுக்குத் தெரியுமா? திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் இவை. போன முறை இதையெல்லாம் கேட்கும் இடத்தில் தொழிலாளர்கள் இல்லை. அதன் விலையைத்தான் 2001க்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.