எங்க வீட்டு அடுப்புகள்

போன தை மாசம் ஒரு நாள் காலையில, கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசப்படி ஏறும்போதே கேஸ் வாடை குப்புன்னு அடிச்சுது. உள்ளே அம்மா அடுப்புக்கு ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல தீப்பெட்டி.

"இன்னாம்மா, கேஸ் நாத்தம் இப்படி அடிக்குது, உனக்குத் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையேடா."

லைட் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டு போகாம, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டு, அம்மாவைக் கையைப் பிடிச்சு வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டு வந்தேன். அப்புறமா போய்ப் பார்த்தா, அடுப்புல சொருகியிருக்கிற பக்கம் டியூப் வெடிச்சுப் பிளந்திருக்கு. அதுமேல அச்சடிச்சிருந்த வருஷம் 2013. நான்தான் வாங்கிப் போட்டது. போட்டதோட சரி, திரும்பிப் பார்க்கல.

அம்மாவுக்கு 78 வயசு. மூக்குல வாசனை தெரியறது நின்னு எத்தனை வருஷம் ஆச்சுன்னு அவங்களுக்கே தெரியல. வயசானா குறையும்னு டாக்டர் சொன்னார். புகையிலயே வாழ்ந்த உடம்பு, அதுவும் சேர்ந்திருக்கலாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நெருப்பைப் பத்தி எங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. ஆனா இந்த நெருப்பைப் பத்தி அவங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையேன்னு அப்பதான் உறைச்சுது. அதனால எங்க வீட்டுல அடுப்பு எப்படி எப்படி மாறுச்சுன்னு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல இருக்கு. நான் பிறந்தப்போ இது தென்னாற்காடு மாவட்டம். 1993-லதான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆச்சு. என் சின்ன வயசுல எங்க தெருவுல ரெண்டு ஓட்டு வீட்டைத் தவிர மத்தது எல்லாம் கூரை வீடு. மண் சுவர், சவுக்கு வாரை, மேலே பனை ஓலை இல்லைன்னா கரும்புத் தோகை. அடுப்படி வீட்டுக்குள்ளேயே. ஜன்னல் கிடையாது. ஆனா சுவருக்கும் கூரைக்கும் நடுவுல சந்து இருக்கும், அதுல காத்து வரும், புகை போகும்.

எரிக்கிறது என்னன்னா, சவுக்கு மிளார், வேலிகாத்தான் முள்ளு, வரட்டி, மல்லாட்டைத் தோல். (பட்டணத்துக்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டை எங்க வாயில அப்படி ஆயிடுச்சு.) சவுக்கு இந்த மண்ணுல பிறந்த மரம் இல்லை. 19-ம் நூற்றாண்டுல வெள்ளைக்காரன் காலத்துல சோழமண்டலக் கரை மணல்ல விறகுக்குன்னே வளர்த்தாங்க. ரயில் இன்ஜினுக்கும் போச்சு, மெட்ராஸ் அடுப்புக்கும் போச்சு. இன்னிக்கும் மரக்காணம் பக்கம் போனா தோப்பு தோப்பா நிக்கும். உங்க பாட்டி மெட்ராஸ்ல காப்பி போட்டிருந்தா, அதுல எங்க பக்கத்து விறகும் கொஞ்சம் எரிஞ்சிருக்கும்.

புகை கெடுதல்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆனா அது சும்மா இருந்த புகை இல்லை. அடுப்புக்கு மேல பரண். அதுல விதைச் சோளக்கதிர், சுரைக்குடுக்கையில விதை. புகை பட்டா பூச்சி அண்டாது. கூரையிலயும் கரையான் ஏறாது. புகை அடிக்காத கூரை சீக்கிரம் மக்கிப் போயிடும்னு எங்க ஆயா சொல்லும்.

ஓலைக்குக் கீழே நெருப்பை வெச்சுக்கிட்டு பிழைக்கணும்னா அதுக்கு முறை இருந்துச்சு. வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகும்போதே விரிசல் பார்த்து மண் வெச்சு அடைச்சுடுவாங்க. விடியற்காலையில சாம்பலை வாரி ஆறின பிறகுதான் குப்பையில கொட்டணும். ராத்திரி கொள்ளிக்கட்டையை வெளிய இழுத்து, தண்ணி தெளிச்சு, கை வெச்சுப் பார்த்துட்டுத்தான் படுப்பாங்க. பக்கத்து வீட்டுக்கு நெருப்பு குடுத்தா கொட்டாங்குச்சியில வெச்சு மேல இன்னொரு கொட்டாங்குச்சி மூடித்தான் குடுக்கணும். சித்திரை, வைகாசியில காத்து கிளம்பிட்டா ஊர்ல தண்டோரா போடுவாங்க: பொழுது ஏர்றதுக்குள்ள சோறாக்கி அடுப்பை அணைச்சுடணும், சாயங்காலம் வரைக்கும் யாரும் மூட்டக் கூடாது. வாசல்ல ரெண்டு குடம் தண்ணி, திண்ணையில ஒரு தொரட்டி. தண்ணி ஊத்தறதுக்கு இல்லை அந்தத் தொரட்டி. ஒரு வீடு பத்திக்கிட்டா அடுத்த வீட்டுக் கூரையைப் பிடிச்சு இழுத்துப் போடணும். நல்லா இருக்கிற கூரையை இழுக்கும்போது அந்த வீட்டுக்காரன் ஒண்ணும் சொல்லக் கூடாது.

இவ்வளவு இருந்தும் 1981 சித்திரையில தெருக்கோடியில ஒரு பொறி கிளம்புச்சு. எனக்கு அப்போ பத்து, பதினொரு வயசு. அரை மணி நேரம் கூட ஆகல, பதினாலு வீடு தரைமட்டம். எங்க வீடும் அதுல ஒண்ணு. ஊர்ல போன் இல்லை. ஒருத்தர் சைக்கிள்ல மெயின் ரோட்டுக்குப் போய்த் தகவல் சொல்லி, திண்டிவனத்துல இருந்து வண்டி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகல, ஒரு எருமைக்கன்னு மட்டும் போச்சு. விதை நெல் போச்சு. எங்க நைனா கருகின நெல்லைக் கையில அள்ளிப் பார்த்துட்டு கீழே போட்டார், மறுபடி அள்ளினார். அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கூரை எரிஞ்ச குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்கிற நிவாரணத்தை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க: கொஞ்சம் பணம், அரிசி, வேட்டி, சேலை, மண்ணெண்ணெய். நெருப்புல வீட்டை இழந்தவனுக்கு மண்ணெண்ணெய். குத்தம் சொல்லல, அதுவும் தேவைதான்.

அடுத்தது புகையில்லா அடுப்பு. இது பழைய யோசனை. நம்ம தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா காந்தியோட கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவுல நடத்தினாரே, அந்த இடத்துக்குப் பேரு மகன்வாடி. அங்கே இருந்து வந்ததுதான் 'மகன் சூலா'ங்கிற புகைபோக்கி வெச்ச மண் அடுப்பு. 1950-கள்ல ஐதராபாத்துல எஸ்.பி.ராஜுன்னு ஒரு இன்ஜினியரும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு புத்தகமே போட்டார். 1980-கள்ல மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமா எடுத்துக்கிட்டுச்சு. 2002-ல அது முடியறதுக்குள்ள நாடு முழுக்க மூணு கோடிக்கு மேல அடுப்பு கட்டினதா கணக்கு. நிறைய அடுப்பு ரெண்டு, மூணு வருஷத்துக்கு மேல ஓடல.

ஏன் ஓடலைன்னு எங்க வீட்டை வெச்சே சொல்றேன். 1987 வாக்கில எங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு வாய், பின்னாடி ஒரு குழாய் கூரையைத் துளைச்சு வெளிய போகும். முதல் மாசம் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், கண்ணு எரியல. அப்புறம் குழாய்க்குள்ள கரி படிஞ்சுது. படிஞ்சா புகை திரும்ப வீட்டுக்குள்ளதான் வரும். கயித்துல துணி கட்டி மேல இருந்து இழுத்துத் துடைக்கணும், அதுக்குக் கூரை மேல ஏறணும். மழைக்கு ஊறின கூரையில எந்தப் பொம்பளை ஏறுவா? எங்க நைனா ஏறல. நானும் ஏறல, அப்போ எனக்குப் பதினாறு வயசு, ஏறியிருக்கலாம். ஒரு நாள் ராத்திரி குழாயில படிஞ்ச கரி பத்திக்கிட்டு, பொறி ஓலை மேலேயே விழுந்துச்சு. அடுத்த நாளே நைனா கடப்பாரையால அடுப்பை இடிச்சுட்டார். 81-ஐப் பார்த்தவர், வேற என்ன செய்வார்? கட்டறதுக்கு எண்ணிக்கை வெச்சாங்க, துடைக்கிறதுக்கு ஆள் வைக்கல. இதுதான் என் எண்ணம்.

அதே காலத்துலதான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வந்துச்சு. பம்ப் ஸ்டவ்வை 1892-ல ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட்னு ஒருத்தர் கொண்டு வந்தார், பிரைமஸ்ங்கிற பேர்ல. நம்ம ஊருக்கு வந்து ரேஷன் கார்டோட சேர்ந்துக்கிட்டுச்சு. அதுக்கும் பராமரிப்பு உண்டு: பின் வெச்சு நிப்பிளைக் குத்தணும், வாஷர் மாத்தணும், காத்து அளவாத்தான் அடிக்கணும். திரி ஸ்டவ்வுல எண்ணெய் தீர்ந்தா, அணைச்சு ஆற விட்டுத்தான் ஊத்தணும். இதை எல்லாம் கடைக்காரன் சொன்னா உண்டு.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி'ன்னு அந்த நாள்ல தினம் ஒரு செய்தி வரும். அதுல பாதிக்கும் ஸ்டவ்வுக்கும் சம்பந்தம் இருந்துச்சான்னு ஊரே கேக்கும். வரதட்சணைச் சாவுன்னு தனிப் பிரிவு, 304-பி, 1986-ல சட்டத்துல வந்ததுக்கு அந்தச் செய்திகளும் ஒரு காரணம். ஆனா நிஜமாவே ஸ்டவ்வால செத்தவங்களும் உண்டு. 1989-ல எங்க தெருவுல ஒரு அக்கா, குழந்தை அழுதுன்னு அவசரத்துல, எரியற திரி ஸ்டவ்லயே எண்ணெய் ஊத்திட்டாங்க. நைலான் சேலை, உருகி உடம்போட ஒட்டிக்கிச்சு. வேன்ல பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு போனோம். நானும் போனேன். வண்டியில போகும்போது, "உலையில அரிசி போட்டுட்டேன், யாராவது இறக்கி வைங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஒன்பதாம் நாள் இறந்துட்டாங்க. அந்த வீட்டுக்காரர் மேல ஊர்ல ரொம்ப நாள் சந்தேகம் இருந்துச்சு. அவர் அதுக்கு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கல, டீக்கடையில உட்காரவும் இல்லை.

அப்புறம் கேஸ். பம்பாயில 1955-லயே பர்மா ஷெல் கம்பெனி சிலிண்டர் குடுக்க ஆரம்பிச்சாச்சு. இண்டேன் முதல் இணைப்பு 1965 அக்டோபர்ல கல்கத்தாவுல. எங்க தெருவுக்கு வர்றதுக்கு அதுக்கு மேல 42 வருஷம் ஆச்சு. 2006 தேர்தல்ல கலைஞர் சொன்ன இலவச கேஸ் அடுப்பு 2007-ல வந்துச்சு. பொம்பளைங்க வரிசையில நின்னு வாங்கினாங்க. கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு அன்னிக்கு.

கொண்டு வந்து எங்கே வெச்சாங்க? தரையில. எங்க வீடுகள்ல மேடை ஏது? உட்கார்ந்து சமைச்சுத்தானே பழக்கம். அடுப்பும் தரையில, சிலிண்டரும் தரையில, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இங்கேதான் விஷயம். புகை மேலே போகும். எங்க பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா மேலே பார்த்தே பழகினவங்க, ஓலையைப் பார்த்தே பயந்தவங்க. கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா கீழே தங்கும், தண்ணி மாதிரி தரையில பரவும், மூலையில, பள்ளத்துல நிக்கும். உட்கார்ந்திருக்கிறவங்களைச் சுத்தித்தான் நிக்கும்.

கூரையும் இதுக்குள்ள மாறிப்போச்சு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமைக்கிற இடத்து நெருப்பு பள்ளிக்கூடத்துக் கூரையில ஏறி 94 பிள்ளைங்க செத்தாங்க. அதுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மேல ஓலை கூடாதுன்னு ஆச்சு. 2010-ல குடிசைகளைக் காங்கிரீட் ஆக்கற திட்டம் வந்துச்சு, இப்ப 2024-ல கலைஞர் கனவு இல்லம். எங்க வீட்டுக்கு 2012-ல தளம் போட்டோம். ஓலை பயம் போச்சு. ஆனா சுவருக்கு மேல இருந்த அந்தச் சந்தும் போச்சு. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தி வெச்சுடறோம்.

கேஸுக்குச் சொந்தமா வாடையே கிடையாதுன்னு பல பேருக்குத் தெரியாது. நாம கண்டுபிடிக்கணும்னு மெர்காப்டன்னு ஒரு நாத்தச் சரக்கைக் கலக்கிறாங்க. அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணம், நியூ லண்டன்கிற ஊர்ல 1937 மார்ச் 18-ம் தேதி ஒரு பள்ளிக்கூடம் வெடிச்சுது. சூடு பண்றதுக்குக் குழாய்ல வந்த இயற்கை எரிவாயு, வாடை இல்லாததால யாருக்கும் தெரியாம அடித்தளத்துல கசிஞ்சு நிறைஞ்சிருக்கு. முன்னூறு பேர் அளவுக்கு இறந்தாங்க, பெரும்பாலும் பிள்ளைங்க. அதுக்கு அப்புறம்தான் அங்கே வாடை கலக்கணும்னு சட்டமே போட்டாங்க. ஆக, கேஸ் வீட்டுக்குக் காவல் நம்ம மூக்கு. அந்த மூக்கு இல்லாத எங்க அம்மாவை நான் தினமும் தனியா விட்டுட்டுக் கழனிக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கேன்.

இப்ப கடப்பாக்கல் மேடை போட்டாச்சு. அடுப்பு மேலே, சிலிண்டர் கீழே. புது டியூப், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். எந்த வருஷம் மாத்தணும்னு சுவத்துல பெயின்ட்ல எழுதிட்டேன். சிலிண்டர் கழுத்துலயும் பாருங்க, ஏ, பி, சி, டி-ல ஒரு எழுத்தும் ஒரு வருஷமும் இருக்கும். ஏ-ன்னா ஜனவரியில இருந்து மார்ச், டி-ன்னா வருஷக் கடைசி. அந்தத் தேதி தாண்டியிருந்தா சிலிண்டரைச் சோதிக்க வேண்டிய கெடு முடிஞ்சுதுன்னு அர்த்தம், வாங்காதீங்க. கசிஞ்சா கூப்பிட வேண்டிய நம்பர் 1906. கேஸ் கசிஞ்சா கத்தற ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி மாட்டினேன். மாட்ட வந்த பையன் உயரத்துல ஆணி அடிக்கப் போனான், இல்லைடா தம்பி, முழங்காலுக்குக் கீழேன்னு சொல்லி இறக்கி அடிக்க வெச்சேன். சென்னையில, பெங்களூருல இருந்துக்கிட்டு ஊர்ல அப்பா அம்மாவைத் தனியா வெச்சிருக்கிறவங்க, அடுத்த தடவை வரும்போது ஒரு டப்பா காப்பித்தூளைத் திறந்து அவங்க மூக்குக்கிட்ட நீட்டிப் பாருங்க.

அம்மா இன்னும் சோறு மட்டும் கொல்லைப்பக்கத்து விறகு அடுப்புலதான் ஆக்கறாங்க. மார்கழிக் குளிர்ல வெந்நீரும் அங்கேதான். ராத்திரி கொள்ளியை இழுத்துத் தண்ணி தெளிச்சு, கை வெச்சுப் பார்த்துட்டு உள்ளே வந்து, ரெகுலேட்டரை மூடிட்டு அதையும் ஒரு தடவை கை வெச்சுப் பார்க்கறாங்க. சூடு இருக்காதும்மான்னு சொன்னேன். "எனக்குத் தெரியும்டா, மூடினது மூடியிருக்கான்னு பார்க்கறேன்"னு சொன்னாங்க. அந்தப் பழைய டியூபைத் தூக்கிப் போடச் சொன்னா போடல. ரெண்டா அறுத்துப் பந்தல்ல சுரைக்கொடியை இழுத்துக் கட்டியிருக்காங்க.